கம்பியை விழுங்கும் லென்ஸ்

வண்டலூர் ஜூவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைப்புலி அடைப்பின் முன்னால் நின்று புலியை விட்டுவிட்டுக் கேமராக்காரர்களைக் கவனித்தால் ஒரு சின்ன சமூகவியல் பாடம் கிடைக்கும். புதிதாக ஒருவர் வந்து சேர்ந்ததும் மற்றவர்களின் கண் அவர் முகத்துக்குப் போகாது. கழுத்தில் தொங்கும் குழாயின் நீளத்துக்குப் போகும். "எத்தனை எம்.எம்.?" என்பதுதான் அங்கே வணக்கம். 400 என்றால் தலையசைப்பு. 600 என்றால் நகர்ந்து இடம் விடுவார்கள். கேமராவோடு கூடவே வரும் கிட் லென்ஸை மாட்டி வந்தவர் சற்றே ஒதுங்கி, கூட வந்த குழந்தையைப் படம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

காட்டில் இந்த மரியாதைக்கு நியாயம் உண்டு. அங்கே தூரம்தான் எஜமான். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் காலத்துக்கும் நிற்க வைத்த மா. கிருஷ்ணன், கடையில் கிடைத்தவை தன் தேவைக்கு ஒத்துவராமல், பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தனக்கென்று ஒரு கருவி செய்துகொண்டார். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பட்டப்பெயரும் வைத்தார். வளர்ப்பு யானையின் முதுகில் உட்கார்ந்தபடி, எப்போது எங்கே முளைக்கும் என்று தெரியாத ஒரு காட்டு விலங்கை எடுப்பவருக்கு அப்படி ஒரு ராட்சதக் கருவி தேவைதான்.

ஜூவில் தூரத்தை ஏற்கெனவே யாரோ அளந்து, அகழி வெட்டி, சுவர் எழுப்பி, வலை கட்டி வைத்துவிட்டார்கள். புலி எங்கே இருக்கும் என்பது தெரியும். அது ஓடிப்போகப் போவதில்லை. ஆகவே எவ்வளவு தூரம் எட்டும் என்பது இங்கே இரண்டாம் கேள்வி. புலிக்கும் நமக்கும் நடுவில் என்ன இருக்கிறது, புலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி. இடையில் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் காணாமல் அடிக்கிற லென்ஸ்தான் ஜூவுக்கு நல்ல லென்ஸ் என்பது என் கட்சி.

இந்தச் சிக்கல் புகைப்படக் கலைக்குப் பத்துப் பதினைந்து வயதாக இருந்தபோதே தொடங்கிவிட்டது. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலைக்கு 1850இல் ஒபேஷ் என்ற நீர்யானை வந்து சேர்ந்தது. ஊரே திரண்டுபோய்ப் பார்த்தது. இரண்டு வருடம் கழித்து மோண்டிசான் பிரபு என்ற ஸ்பானியர் அதைப் படம் எடுத்தார். நீர்யானை குளத்தங்கரையில் படுத்துக் கிடக்கிறது. பின்னால் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்று கூட்டம் எட்டிப் பார்க்கிறது. கேமரா இருப்பது நீர்யானையின் பக்கம். கம்பியை எப்படி மறைப்பது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை, கம்பியைத் தாண்டி உள்ளே போய்விடுவது. அந்தக் காலத்துத் தகடுகள் மெதுவானவை; பொருள் அசையாமல் இருக்க வேண்டும். படுத்திருந்த நீர்யானை உதவி செய்தது.

உள்ளே போவது எல்லோருக்கும் சரிப்படாது. 1933இல் ஹோபார்ட் நகரக் காட்சிசாலையில் டேவிட் ஃப்ளே என்ற விலங்கியலாளர் ஒரு தைலசினை, அதாவது டாஸ்மேனியப் புலியை, அதன் அடைப்புக்குள்ளேயே போய்ச் சலனப்படம் எடுத்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்தவரின் பின்புறத்தை அந்த விலங்கு கடித்துவிட்டது. 1936இல் அந்தக் காட்சிசாலையில் கடைசித் தைலசின் செத்துப்போனது. இன்று அந்த இனம் நடந்ததையும் வாய் பிளந்ததையும் நாம் பார்க்க முடிவது இத்தகைய சில அடி நீளப் படச்சுருள்களால்தான். ஜூ படம் என்றால் பொழுதுபோக்கு என்று உதடு பிதுக்குகிறவர்களிடம் நான் இதைச் சொல்வது வழக்கம்.

நாம் வெளியில் நிற்பவர்கள். வெளியில் நிற்பவனுக்கு மூன்று விதமான தடைகள்: அகழி, வலை, கண்ணாடி.

அகழி சுலபம். 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய சென்னை விலங்குக் காட்சிசாலை, சென்ட்ரல் பக்கத்தில் நெருக்கடியாக இருந்த நாட்களைத் தாண்டி, 1985இல் வண்டலூரில் 510 ஹெக்டேரில் விரிந்தபோது கிடைத்த பெரிய வரம் இது. புலி, சிங்கம், கரடி எல்லாவற்றுக்கும் கம்பிக் கூண்டு போய், திறந்தவெளி அடைப்பும் நடுவே அகழியும் வந்தன. படம் எடுப்பவனுக்கு நடுவில் வெறும் காற்று. இங்கே எம்.எம். கணக்கு நேர்க்கணக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் வைத்து 20 மீட்டர் தள்ளி நிற்கும் புலியைப் பார்த்தால் சட்டத்தின் அகலத்தில் சுமார் 2.4 மீட்டர் அடங்கும். வால் நீங்கலாக முழுப் புலியும் பக்கவாட்டில் நிற்க, இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கும். 600 வைத்தால் 1.2 மீட்டர், முகமும் தோளும். அதே 300 மி.மீ. லென்ஸைச் சென்சார் சிறிதான கிராப் சென்சார் கேமராவில் பூட்டினால் இரண்டுக்கும் நடுவில், 1.6 மீட்டர். பெரும்பாலானவர்களிடம் இருப்பது கிராப் சென்சார்தான். அவர்களுக்கு அகழி ஓரத்தில் 300 போதும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

600க்குப் போகத் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வண்டலூர் வாசல் திறப்பதே காலை 9 மணிக்கு. காட்டுக்காரர்கள் கொண்டாடும் இளங்காலை வெளிச்சம் அதற்குள் முடிந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் 11 மணிக்கெல்லாம் தரையிலிருந்து அனல் எழும்பி, தூரத்துப் பொருளின் ஓரங்கள் நெளிய ஆரம்பிக்கும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் அந்த நெளிவைப் பெரிதாக்கித்தான் காட்டும், சரி செய்யாது. எடுத்தவர் லென்ஸைச் சந்தேகப்பட்டு சர்வீஸுக்கு அனுப்புவார். பழுது காற்றில்.

வலைக்கு வருவோம். லென்ஸ் ரசிகனுக்கு ஜூவில் உண்மையான விருந்து இங்கேதான்.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது, அந்த லென்ஸ் எவ்வளவு அகலமாக வாய் திறக்கிறது என்பது. கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6 என்றால் 10 மி.மீ.கூட இல்லை. எல்லோரிடமும் இருக்கும் 55-250, நுனியில் 45 மி.மீ. இனி மேல்தட்டுக்குப் போனால், 70-200 எஃப் 2.8 நுனியில் 71. 300 எஃப் 4 என்றால் 75. 100-400, நுனியில் எஃப் 5.6 என்றால் மறுபடி 71. விலை வேறு, எடை வேறு, எட்டும் தூரம் வேறு. வாய் மட்டும் ஏறக்குறைய ஒன்று. எஃப் 5.6 என்றால் இருட்டு லென்ஸ் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வலை மறைவதற்கான விதி இந்த வாயில்தான் இருக்கிறது. வலையின் ஒரு கண் முழுசாக லென்ஸின் வாய்க்குள் அடங்கினால் வலை கரைந்துபோகும். அடங்காவிட்டால் பட்டை பட்டையாக விலங்கின் முகத்தில் நிற்கும். வாய் அகலமாக இருந்தால் ஒரு கம்பியால் அதை மூட முடியாது. விலங்கின் கண்ணிலிருந்து புறப்பட்ட ஒளி கம்பியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். 2 இன்ச் வலை என்றால் கண் 50 மி.மீ. 71 மி.மீ. வாய் அதை விழுங்கும். 45 மி.மீ. வாய் முக்கால்வாசிதான் விழுங்கும், மிச்சம் மங்கலான கோடாக நிற்கும். 1 இன்ச் வலைக்கு அந்த 45 தாராளம். கிட் லென்ஸின் 10 மி.மீ. எதற்கும் ஆகாது, புலி படமாக வராது, வலை படமாக வரும்.

விதிக்கு ஒரு வால் உண்டு. விலங்கு வலைக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வலை நம்மிடமிருந்து ஒன்றரை மீட்டர், விலங்கு எட்டு மீட்டர் என்றால் 50 மி.மீ. கண்ணை 62 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். 71க்கு அதுவும் அடக்கம். விலங்கு இரண்டு மீட்டருக்கு வந்துவிட்டால் அதே கண் 200 மி.மீ. ஆகிவிடும். அப்படி ஒரு வாய் உலகத்தில் நம் கைக்கு எட்டும் எந்த லென்ஸுக்கும் கிடையாது. அந்த நேரத்தில் கேமராவை இறக்கிவிட்டு விலங்கைச் சும்மா பார்ப்பதே உத்தமம். வலையோரம் வந்து உட்காரும் குரங்கை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பது சாதாரண விஷயமா?

இதைக் கண்ணால் காண ஆசைப்பட்டால் சிங்கவால் குரங்கின் கூண்டு நல்ல பள்ளிக்கூடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்குச் சொந்தமான ஜீவன். உடம்பு முழுக்கக் கறுப்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் வெள்ளைப் பிடரி, முடிவில் குஞ்சம் வைத்த வால். அது உள்ளே கட்டையின் மேல் உட்கார்ந்து எதையாவது உரித்துக்கொண்டிருக்கும். 70-200இன் நுனியில் அபர்ச்சரை, அதாவது வாயின் திறப்பை, எஃப் 11இல் வைத்து, லென்ஸ் பக்கத்தில் இருக்கும் முன்னோட்டப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிடரியின் மேல் வலை கறாராகக் கட்டம் போட்டிருக்கும். எஃப் 8: கட்டத்தின் ஓரங்கள் உப்பும். எஃப் 5.6: கோடுகள் பருத்து, ஒன்றையொன்று நெருங்கி, வரிக்குதிரையின் பட்டை போலக் குரங்கின் முகத்தில் நிழலும் வெளிச்சமும் மாறி மாறி நிற்கும். எஃப் 4: பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எஃப் 2.8: வலை போயே போயிற்று. பிடரியின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக, விரலிடுக்கில் மாட்டியிருக்கும் தோல் துணுக்குவரை தெரியும். கை நடுங்க வைக்கும் எடையும் கடன் அட்டையை நடுங்க வைத்த விலையும் அந்த நொடியில் மறந்துபோகும்.

போயே போயிற்று என்றாலும் ஒரு வரி வசூலித்துவிட்டுத்தான் போகும். கரைந்த கம்பி படம் முழுக்கப் பரவி நிற்கும். மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த கண்ணாடி டம்ளரில் ஒட்டியிருக்குமே, அப்படி ஒரு வெள்ளைப் படலம். கம்பியில் வெயில் அடித்தால் படலம் கனக்கும்; கம்பி நிழலில் இருந்தால் ஏறக்குறைய தெரியாது. ஆகவே கூண்டைச் சுற்றி நடந்து நிழல் விழும் பக்கத்தைத் தேடுவது, அதிக விலை லென்ஸ் வாங்குவதற்குச் சமமான முதலீடு. கறுப்புப் பெயின்ட் அடித்த வலையைக் கண்டால் அந்த அதிகாரியை வாழ்த்தத் தோன்றும். துத்தநாகம் பூசிய பளபளா வலையின் முன்னால் உச்சி வெயிலில் நின்று எதுவும் செய்வதற்கில்லை.

இந்தக் கரைசலிலும் லென்ஸுக்கு லென்ஸ் குணம் மாறும் என்பதுதான் எனக்குப் பிடித்த சமாச்சாரம். சில லென்ஸ்கள் கலங்கலின் ஓரத்தை அழுத்தி வரையும். அவற்றில் ஒரு கம்பி கரையாமல் இரண்டு கம்பியாகப் பிரியும். எண்ணில் எல்லாம் சரியாக இருக்கும், படம் மட்டும் பதற்றமாக இருக்கும். இதன் உச்சம், கண்ணாடிகளால் ஒளியை மடக்கும் ரிஃப்ளெக்ஸ் லென்ஸ். 500 மி.மீ. நீளத்தைக் கைக்குள் அடங்கும் அளவில் தரும். மினோல்டா அதில் ஆட்டோஃபோகஸ்கூட வைத்தது. ஆனால் அதன் வாய்க்கு நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி உட்கார்ந்திருப்பதால் கலங்கல் எல்லாம் ஓட்டை போட்ட வட்டமாக வரும். இலை நடுவே மினுங்கும் வெளிச்சப் புள்ளிகளெல்லாம் மெதுவடையாகும். வலைக்கு முன்னால் அதை நீட்டுவது வினையை விலைக்கு வாங்குவது. எதிர்த் துருவம், அதே மினோல்டா 1990களின் இறுதியில் செய்த 135 மி.மீ. எஸ்டிஎஃப். நடுவில் தெளிவாகவும் ஓரத்தை நோக்கிப் போகப்போகக் கறுப்பாகவும் ஒரு வில்லையை உள்ளே வைத்தார்கள். கலங்கலுக்கு ஓரம் என்பதே இல்லாமல் போயிற்று. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஒளியும் கொஞ்சம் குறையும். அதில் எடுத்த படங்களைப் பார்க்கும்போதெல்லாம், பின்னணி கலைவதற்கும் உருகுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று தோன்றும்.

செல்போன்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். போனின் லென்ஸ் வாய் நாலைந்து மி.மீ.தான். வலையை அதனால் விழுங்க முடியாது. ஆனால் வலையின் கண்ணுக்குள் அதுவே நுழைந்துவிடும். பாதையை ஒட்டி வலை இருக்கும் பறவைக் கூண்டுகளில், போனை வலையில் ஒட்டி, லென்ஸைக் கண்ணுக்கு நேராக வைத்தால் முடிந்தது வேலை; பக்கத்தில் லட்ச ரூபாய் லென்ஸ்காரர் படலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். தடுப்புக் கம்பியைத் தாண்டிக் கையை நீட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஃப்ளேவுக்கு நேர்ந்தது அளவான தண்டனை. எல்லா விலங்கும் அவ்வளவு கருணை காட்டாது.

வலை இருக்கும் இடத்தில் ஆட்டோஃபோகஸ் ஒரு தொல்லை. கேமராவுக்கு முதலில் கண்ணில் படுவது கம்பிதான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். விலங்குகளின் கண்ணைக் கண்டுபிடிக்கும் புதிய கேமராக்களும் கட்டங்களுக்குப் பின்னால் தடுமாறுகின்றன. இதற்கு மருந்து லென்ஸின் உடம்பிலேயே இருக்கிறது, பலரும் தொடாத ஒரு சுவிட்ச். நல்ல டெலி லென்ஸ்களில் 3 மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடு என்று கட்டளை போடலாம். ஒன்றரை மீட்டரில் இருக்கும் வலை அதற்குத் தெரியவே தெரியாது. லென்ஸ் வாங்கும்போது இந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்ப்பவனை ஜூ தெரிந்தவன் என்று கண்டுகொள்ளலாம்.

கண்ணாடித் தடுப்பைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். பாம்புப் பண்ணையிலும் ஊர்வன இல்லங்களிலும் அதுதான் தடுப்பு. அங்கே எதிரி பிரதிபலிப்பு. பின்னால் நிற்பவரின் மஞ்சள் சட்டை நாகத்தின் படத்தில் ஏறும். ரப்பர் ஹூட் ஒன்று வாங்கி லென்ஸில் மாட்டிக் கண்ணாடியில் அப்படியே ஒட்டிவிடுவது ஒன்றே வழி. சில நூறு ரூபாய்ப் பொருள். போலரைசர் ஃபில்டர் போட்டால் பிரதிபலிப்பு போய்விடும் என்று சொல்வார்கள். கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் அது வேலை செய்யும், நேராக நின்றால் ஒளியை விழுங்குவது மட்டுமே மிச்சம். சாய்வாக நின்றாலோ தடிமனான கண்ணாடி கூர்மையைக் கெடுத்துவிடும். நீளமான லென்ஸ் என்றால் இன்னும் மோசம். ஆகவே நேராக ஒட்டி நில்லுங்கள். உள்ளே இருட்டு, ஃப்ளாஷ் கூடாது. ஆதலால் வீட்டில் தூங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 இங்கே ராஜா. உள்ளதிலேயே மலிவான லென்ஸ் அது.

கிட்டத்தில் எவ்வளவு வரும் என்பதையும் இங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தூரத்தைப் பற்றி விசாரிக்கிற அளவுக்கு யாரும் இதை விசாரிப்பதில்லை. கேனான் 2020இல் கொண்டுவந்த 800 மி.மீ. எஃப் 11, எடையில் 1.3 கிலோகூட இல்லை, வெயிலில் அருமை, அகழியோர முதலைக்கு அற்புதம். ஆனால் 6 மீட்டருக்குக் கிட்ட வந்த எதையும் அதனால் பார்க்க முடியாது. ஜூவில் பாதி ஜீவன்கள் 6 மீட்டருக்குள்தான் இருக்கின்றன. அதே நிறுவனத்தின் 100-400இன் இரண்டாம் பதிப்பு ஒரு மீட்டருக்குள் வந்து நிற்கும்; அகழிக்கு அப்பால் சிங்கத்தை எடுத்துவிட்டுத் திரும்பி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் ஓணானையும் எடுக்கலாம். ஊரில் சுதந்திரமாகத் திரியும் ஓணானும் கொக்கும் அணிலும் ஜூவில் கிடைக்கும் படங்களில் பாதி என்பதை மறக்கக் கூடாது. இன்னொரு சூட்சுமம்: பெட்டியில் 200 என்று போட்டிருப்பது தூரத்துக்குத்தான். நிக்கான் 2009இல் வெளியிட்ட 70-200 எஃப் 2.8, கிட்டத்துப் பொருளுக்கு வரும்போது 135 அளவுக்குச் சுருங்கிவிடும். பாட்டிலுக்குள் ஏதோ பூதம் இல்லை; ஃபோகஸுக்காக உள்ளே வில்லைகள் நகர்வதன் விளைவு.

இடையில் இருப்பது போக, பின்னால் இருப்பது. ஜோயல் சார்ட்டோர் என்ற அமெரிக்கர் 2006 முதல் உலகமெங்கும் காட்சிசாலைகளில் உள்ள இனங்களை ஒவ்வொன்றாக எடுத்து வருகிறார். பின்னணிச் சிக்கலை அவர் கத்தரித்தே விட்டார்: சுத்தமான கறுப்பு அல்லது சுத்தமான வெள்ளை, வேறெதுவும் கிடையாது. நிர்வாகத்தின் அனுமதியும் உதவியும் உள்ளவருக்கு அது சரி. நமக்குப் பின்னணி என்பது நீலப் பிளாஸ்டிக் டிரம், சுண்ணாம்பு அடித்த சுவர், தண்ணீர்த் தொட்டி, 'உணவளிக்காதீர்' பலகை. இங்கேதான் நீண்ட லென்ஸின் நிஜமான அருமை. 200 மி.மீ. பார்ப்பது சுமார் 12 பாகை. 400 பார்ப்பது 6. அவ்வளவு ஒடுக்கமான பார்வையில், நீங்கள் இடப்பக்கம் ஓரடி எடுத்து வைத்தால் புலி நின்ற இடத்திலேயே நிற்கும், பின்னால் இருந்த டிரம் சட்டத்தை விட்டே வெளியேறிவிடும். புலியைப் பெரிதாக்க 400 வாங்குகிறேன் என்பவரைவிட, டிரம்மை வெளியேற்ற 400 வாங்குகிறேன் என்பவர் நல்ல படம் எடுப்பார். 2016 டிசம்பரில் வர்தா புயல் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகு பல அடைப்புகளுக்குப் பின்னால் இருந்த பச்சை போய் வானமும் சுவரும் தெரிந்தன. அப்போது இந்த ஓரடி வித்தை இன்னும் அவசியமாயிற்று.

முழுக்கத் திறந்த அபர்ச்சர் எல்லா நேரத்துக்கும் வேதம் இல்லை. 3 மீட்டரில் இருக்கும் விலங்கை 200 மி.மீ. எஃப் 2.8இல் எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் நாலு செ.மீ.க்கும் குறைவு. சிங்கத்தின் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் உள்ள தூரம் அதைவிட எவ்வளவோ அதிகம். கண் கூர்மையாக, மூக்கு பஞ்சாக வரும். நடுவில் வலை இல்லாதபோது எஃப் 5.6க்கு இறங்குவது புத்திசாலித்தனம். அதுபோல, லென்ஸில் ஸ்டெபிலைசர் இருப்பதை நம்பி ஷட்டரை மெதுவாக்குவதும் ஜூவில் பலிக்காது. அது நம் கையைத்தான் நிறுத்தும். அடைப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓயாமல் நடக்கும் புலியை நிறுத்த 1/500 வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு என் கட்சிக்கு எதிர்க்கட்சித் தலைவரையும் அறிமுகப்படுத்தியாக வேண்டும். கேரி வினோகிராண்ட் நியூயார்க்கின் காட்சிசாலைகளில் எடுத்த படங்கள் 1969இல் அந்நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன; 'தி அனிமல்ஸ்' என்று புத்தகமாகவும் ஆயின. சின்ன லைக்கா கேமரா, அகலக் கோணம் காட்டும் லென்ஸ். நாம் படாதபாடு பட்டு மறைக்கும் அத்தனையையும் அவர் சட்டத்துக்குள் வரவழைத்தார்: கம்பி, சிமென்ட் தரை, வேடிக்கை பார்க்கும் மனிதர்கள், அவர்களுடைய தொப்பி. அந்தப் படங்களில் விலங்கும் மனிதரும் ஒருவரையொருவர் பார்ப்பதில் ஒரு நையாண்டி இருக்கிறது. எந்த 400 மி.மீ. லென்ஸும் அதைத் தராது. வலையைக் கரைத்துக் காட்டில் இருப்பதுபோலக் காட்டும் நம் படத்தில் ஒரு சின்னப் பொய் இருக்கத்தான் செய்கிறது. நான் அந்தப் பொய்யை ரசிப்பவன். ஆனாலும் பையின் ஓரத்தில் ஒரு 28 அல்லது 35 மி.மீ. கிடப்பது நல்லது. ஒட்டகச்சிவிங்கி தலையைத் தாழ்த்தி வேலிக்கு மேல் எட்டிப் பார்க்க, கீழே ஒரு குழந்தை அப்பாவின் தோளில் நின்று அதை அண்ணாந்து பார்க்கும் நேரத்தில் 300 மி.மீ.யை வைத்துக்கொண்டு மூக்கைத்தான் எடுக்க முடியும்.

சரி, ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருக்கிறது என்றால்? கையில் பணம் தாராளமாக இருந்தால் 100-400 வகை. இல்லையென்றால் பழைய 300 மி.மீ. எஃப் 4, செகண்ட் ஹேண்டில். ஜூம் கிடையாது, அதனால் நடக்க வேண்டும். ஜூவுக்குப் போவதே நடக்கத்தானே. 75 மி.மீ. வாய், கேனானில் ஒன்றரை மீட்டர்வரை கிட்டப் பார்வை, தோளை அறுக்காத எடை. 1997இல் வந்த கேனான் 300 எஃப் 4 இன்றும் கை மாறிக்கொண்டே இருக்கிறது. சென்னையில் பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். முன் வில்லையில் ஒரு கீறல் படத்தில் தெரியாது, விலையில் மட்டும் தெரியும். பயப்பட வேண்டியது ஃபங்கஸுக்கு. கடற்கரை ஊரின் ஈரத்தில், தோல் பையிலேயே இரண்டு மழைக்காலம் கிடந்த லென்ஸுக்குள் அது வேர் விட்டிருக்கும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அபர்ச்சரை முழுக்கத் திறந்து, போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசு புள்ளி புள்ளியாகத் தெரியும், அது பரவாயில்லை. நூல் நூலாகக் கிளை விட்டுத் தெரிந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்லதாகக் கிடைத்தால் காற்றுப் புகாத டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் அதே கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வண்டலூருக்குக் கிளம்பிவிடாதீர்கள், அன்றைக்கு ஜூவுக்கு விடுமுறை.